நடுவை நோக்கிய திறவுகோல்

புதுக்கோட்டை, தூத்துக்குடி
3.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உமாராணி எழுதுவது. இங்கு நலம். கோவில்பட்டிப் பேருந்து நிலையச் சுவரில், கூட்டத்துச் சுவரொட்டியில் உங்கள் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மிளகுப்பால் குடியுங்கள். கூட்டம் முடிந்த கையோடு குளிர்ந்த சோடா குடிக்க வேண்டாம்.

நீங்கள் நம் வீட்டைவிட்டு மதுரைக்குப் போய் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். தொலைபேசியில் அழைத்திருக்கலாம். அழைத்தால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே நீங்கள் மேடையேறிவிடுவீர்கள். நான் எதிரே பாயில் அமர்ந்து கேட்பவளாகிவிடுவேன். தாளில் எழுதினால் முடியும்வரை நீங்கள் குறுக்கிட முடியாது.

என் வேலை இன்னதென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே அதை முதலில் சொல்கிறேன். திருநெல்வேலிச் சாலையில் உள்ள எங்கள் ஆலையில், ஒளியைக் கொண்டுசெல்லும் ஃபைபர் கேபிள்களின் முனையில் மாட்டும் கனெக்டர்களைச் செய்கிறோம். தலைமயிர் அளவே உள்ள கண்ணாடி இழையைப் பீங்கான் தண்டின் ஊசித்துளைக்குள் பசையிட்டுச் செலுத்தி, அடுப்பில் காயவைத்து, மிஞ்சிய இழையைக் கிள்ளி எறிவார்கள். பிறகு அந்த முனையைப் பாலிஷ் போட வேண்டும். ஜெபிஷா என்பவள் தலைமையில் ஏழு பெண்கள் செய்யும் பணி அது. ஜிக் எனப்படும் வட்டத் தட்டில் இருபது கனெக்டர்களைச் செருகி, சுழலும் தாள்மீது வைத்துத் தேய்ப்பார்கள். முதல் தாள் சொரசொரப்பானது. கடைசித் தாள் பட்டுப் போலிருக்கும்.

அதன்பின் என்னிடம் வரும். நுண்ணோக்கியில் நானூறு மடங்கு பெரிதாக்கிக் கீறல், குழி, தூசு பார்ப்பேன். உப்பளக் காற்று கதவிடுக்கில் புகுந்த நாளில் உப்புத்துகள் சதுரம் சதுரமாக மின்னும். துடைத்துவிட்டு மீண்டும் பார்ப்பேன். அடுத்து, அளக்கும் எந்திரம். முனையின் வளைவையும் சாய்வையும் திரையில் வட்ட வரிகளாக அது வரைந்து காட்டும். வட்டங்கள் நடுவில் அமர்ந்தால் நல்ல கனெக்டர். விலகினால் கழிவு.

பச்சை நிறக் கனெக்டர்களின் முனையை எட்டுப் பாகை சாய்வாகத் தேய்க்க வேண்டும். எதிரே வந்து பொருந்துவதும் அதே சாய்வில் இருந்தால்தான் இரண்டும் ஒட்டும். ஒன்று திரும்பிவிட்டால் இடையில் சந்து விழுந்து ஒளி வீணாகும். எனவே ஜிக்கில் ஒவ்வொன்றும் ஒரே பக்கம் பார்த்து அமர வேண்டும். அதற்கு அடையாளமாகக் கனெக்டரின் கூட்டில் ஒரு சிறு மேடு உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கீ’.

செய்முறைத் தாளைத் தமிழில் எழுதித் தரும்படி சென்ற ஆவணியில் ஆலையார் உங்களிடம் வந்தார்கள். உங்கள் பெயரைச் சொன்னவள் நான்தான். அந்தக் ‘கீ’யை நீங்கள் ‘திறவுகோல்’ என்று எழுதினீர்கள். ‘செருகுங்கால் திறவுகோல் நடுவை நோக்கியே நிற்றல் வேண்டும்’ என்பது ஏழாம் வரி. பழைய ஜிக்கில் அந்த மேடு அமரும் பள்ளம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் எப்படிச் செருகினாலும் சரியாகவே அமர்ந்தது. சென்ற மாதக் கடைசியில் இருபுறமும் பள்ளம் உள்ள புதிய ஜிக் வந்தது. ஏழாம் வரியை அன்றுதான் முதன்முறையாகப் பொருளறிந்து செய்ய வேண்டியிருந்தது.

மேசையில் திறவுகோல் என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றுதான்: ஜிக்கின் திருகை முடுக்கும் வளைந்த இரும்புக் கம்பி. ஆலன் கீ என்பார்கள். ஏழு பெண்களும் மூன்று நாள் அந்தக் கம்பியை ஜிக்கின்மேல் நடுவை நோக்கி வைத்துவிட்டு, கனெக்டர்களை இரு பக்கமாகவும் செருகித் தேய்த்திருக்கிறார்கள். அளக்கும் எந்திரம் அந்த மூன்று நாளும் பழுதுபார்க்கப் போயிருந்தது. நான்காம் நாள் காலையில் திரையில் வட்டங்கள் வரவில்லை. மழைத்தாரை போல நெருக்கமான கோடுகள் வந்தன. எண்ணூற்றறுபது கனெக்டர்களையும் அப்படியே நிறுத்திவைத்தேன். ஒன்றும் துறைமுகத்துக்குப் போகவில்லை.

தாளைச் சரியாகப் படிக்காத குற்றத்துக்கு ஜெபிஷாவை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள். இருபதாம் தேதி விசாரணை. பிழை தாளில்தான் என்று தர மேலாளர் தேவபிரசாதம் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஏம்மா, அண்ணாச்சி பேசுனா ஊரே கைதட்டுது. அவ்வ எழுதுன தமிழு தப்புன்னு நீங்க சொல்லுதீங்களா? அண்ணாச்சியே எழுதிக் குடுக்கட்டும், பாப்போம்” என்றார்.

எழுதித் தாருங்கள். அந்த இடத்தில் திறவுகோல் என்ற சொல் தவறு என்று இரண்டு வரி போதும். ஜெபிஷா வேலையில் இருப்பாள்.

இப்படிக்கு,
உமாராணி


மதுரை
திருவள்ளுவர் ஆண்டு 2056, தை 25 (7.2.2025)

அன்பின் உமையரசிக்கு,

உன் மடல் வந்தது. உறையைப் பிரிக்கும் முன் இருமுறை தண்ணீர் குடித்தேன். மிளகுப்பாலும் குடித்தேன். இவ்வளவே உனக்கு நான் தரக்கூடிய நற்செய்தி.

நீ கேட்பதைத் தர இயலாது. திறவுகோல் என்ற சொல்லில் பிழை எங்கே உள்ளது? ஆங்கிலத் தாளில் ‘கீ’ என்று இருந்தது. திறவுகோல் என்று எழுதினேன். சாவி என்று எழுதியிருக்க வேண்டுமா? அச்சொல் போர்த்துக்கீசியக் கப்பலேறி வந்தது. வந்தவன் போய்விட்டான், அவன் விட்டுச்சென்ற சொல் இன்றும் நம் இடுப்பு முடிச்சில் தொங்குகிறது. அம்முடிச்சை அவிழ்ப்பதற்கே தொண்டை கட்டக் கட்ட ஊர் ஊராகச் செல்கிறேன்!

இரும்புக் கம்பியை எடுத்துத் தட்டின்மேல் வை என்றா எழுதினேன்? ‘செருகுங்கால்’ என்றேன். எதைச் செருகுகிறோமோ அதன் உறுப்பையே அச்சொல் சுட்டும். படிப்பவர் பிழைக்கு எழுதியவன் தலைகுனிவதென்றால் இந்நாட்டில் எவனும் எழுத முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப்பார். தமிழில் எழுதினால் ஆலை ஓடாது என்று சொல்வதற்காகவே காத்திருக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ‘என் தமிழ் பிழை’ என்று நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அதைச் சட்டமிட்டு வாயிலில் மாட்டுவார்கள். நாளையே உங்கள் ஆலையின் தமிழ்த் தாள்கள் அனைத்தும் கிழிக்கப்படும். ஒரு பெண்ணின் வேலையை நீ பார்க்கிறாய். ஒரு மொழியின் வாயில் மூடப்படுவதை நான் பார்க்கிறேன்.

வரும் மாசி 18-இல், மார்ச்சு இரண்டாம் நாள், என் ‘ஆலைச் சொற்கள் அறுநூறு’ வெளிவருகிறது. அதன் முன்னுரையில் உங்கள் செய்முறைத் தாளையே சான்றாகக் காட்டியிருக்கிறேன். நூல் அச்சேறிவிட்டது.

அப்பெண் செபிசாவுக்கு வேறு வேலை பார்த்துத் தரும்படி தூத்துக்குடி நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். கவலற்க.

குளிரூட்டிய அறையில் நாள் முழுதும் இருக்கிறாய். காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அன்புடன்,
பாண்டித்துரை


புதுக்கோட்டை
10.2.2025

அத்தானுக்கு,

காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பது நானில்லை.

செபிசா இல்லை, ஜெபிஷா. அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. வேறு வேலை அவள் உங்களிடம் கேட்கவில்லை. பதினொரு ஆண்டு பழகிய கை அவளுடையது. தேய்க்கும் தாள் எந்த நொடியில் தேய்ந்துபோயிற்று என்பதை ஓசையிலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கையைக் கடையில் துணி மடிக்க அனுப்பப்போகிறீர்களா?

கோடுகள் வந்த அன்று காலை நான் அவள் மேசைக்கு ஓடினேன். அங்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திருத்தாமல் படியுங்கள்.

“ஏளா ஜெபிஷா, இந்தக் கம்பிய ஏன் இங்கன வச்சிருக்க?”

“எக்கா, நீங்கதான சுவத்துல ஒட்டுனிய? திறவுகோல் நடுவப் பாத்து நிக்கணுமாம்லா. கோயில்ல மெழுகுவத்தி வச்சாப்ல எம்புட்டு நேரா வச்சிருக்கேன், பாருங்க. நேத்து லேசாக் கோணிட்டுன்னு இருவதையும் உருவிட்டு மறுபடி செருகுனேன்.”

“எதுக்கு வைக்கோம்னு யாருட்டயும் கேக்கலியா?”

“கேட்டேனே. நம்ம ஜிக்கு மாட்டுத இசக்கியப்பன் அண்ணன்ட்ட கேட்டேன். ‘பெரிய மனுசன் எழுதுனது, காந்தம் கீந்தம் இருக்கும், நமக்கென்ன தெரியும், சொன்னபடி செய்யி’ன்னு சொல்லிட்டாவ.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உங்கள் வரியை இந்த உலகத்தில் இவ்வளவு மரியாதையோடு படித்தவர் வேறு எவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் கூட்டத்தில் கைதட்டுபவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவள் மூன்று நாள் எழுத்துக்கு எழுத்து செய்தாள். அதற்குத்தான் வேலை போகிறது.

கனெக்டரைக் கையில் கொடுத்து, “இந்த மேட்டுக்கு என்ன பேரு?” என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “மூக்குக்கா. இதுகூடத் தெரியாமலா இத்தன வருசம் இருக்கிய?” என்றாள். ஏழு பேரும் அதை மூக்கு என்றுதான் சொல்கிறார்கள். ‘மூக்கு நடுவைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் ஒன்றுகூடத் திரும்பியிருக்காது.

இனி என் பிழை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலத் தாளில் படம் இருந்தது. கனெக்டரும் மேடும் அம்புக்குறியுமாகத் தெளிவான படம். தமிழ்த் தாள் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார்கள். உங்கள் வாக்கியங்கள் ஒன்றரைப் பக்கம் வந்தன. எங்காவது வெட்டும்படி என்னிடம் தந்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்தேன். பிரிந்திருந்தாலும் உங்கள் சொல் ஒன்றைக்கூட வெட்ட எனக்கு மனம் வரவில்லை. படத்தை வெட்டினேன். கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையொப்பமிட்டேன்.

தாளில்தான் தவறு என்று ஆனால் என் பொறுப்பும் போகலாம். போகட்டும். கையொப்பம் இட்டவள் நான்.

நீங்கள் மதுரைக்குப் போன அந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட், கிளம்புதேன்” என்றேன். அத்தனை பேர் முன்னால் “இரண்டாம் முறைப்பணி என்று சொல்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். இலையில் குழம்பை விட்டுவிட்டு நான் போய்விட்டேன். சொல்லைத் திருத்தினீர்கள். எட்டு மணி நேரம் நின்று என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. அன்றைய கோபம் சொல்லுக்காக இல்லை, அத்தான்.

இந்த உறைக்குள் பச்சைக் கனெக்டர் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய கழிவுதான், மேலாளரிடம் கேட்டு எடுத்தேன். நகத்தால் அந்த மேட்டைத் தடவிப் பாருங்கள். எதைத் திறக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

உமாராணி


புதுக்கோட்டை
17.2.2025

அத்தானுக்கு,

ஏழு நாளாயிற்று. பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தேனியில் பேசினீர்கள் என்று செய்தித்தாளில் பார்த்தேன். அதனால் அந்தக் கவலையை விட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. விசாரிக்கச் சென்னையிலிருந்து ஷாம் என்ற அதிகாரி வருகிறார். தாளில் கையொப்பமிட்டவள் என்பதால் என்னை அறைக்குள் விட மாட்டார்களாம். நான் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன்: படத்தை வெட்டியது நான். சொல்லைப் பற்றி எழுதும் உரிமை எனக்கில்லை, எழுதியவர் எழுதவில்லை.

ஜெபிஷா இன்று மேசையைத் துடைத்துத் தன் பெட்டியைக் காலி செய்தாள். “எக்கா, புது ஆளு வந்தா மூணாவது தாள மட்டும் ரெண்டு வாட்டி கழுவச் சொல்லுங்க” என்றாள்.

உமாராணி


மதுரை
மாசி 9 (21.2.2025)

உமாராணிக்கு,

நேற்று வந்திருந்தேன். இதற்குள் அறிந்திருப்பாய். அறைக்குள் நடந்தது உனக்குத் தெரியாதாகையால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இணைப்பியை ஏழு நாளும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தேனிக் கூட்டத்தில் பேசும்போதும் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நம் மன்றத்துப் புலவர் மூவரிடம் தனித்தனியே காட்டி, “இவ்வுறுப்புக்கு என்ன பெயர் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். ஒருவர் முளை என்றார். ஒருவர் கொண்டி என்றார். மூன்றாமவர் நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “புடைப்பு எனலாமோ?” என்றார். திறவுகோல் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றிரவே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நேரில் வருவது எளிதாக இருந்தது.

தேவபிரசாதம் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். “அண்ணாச்சி! ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பிருப்பமே” என்றார். செபிசா (பொறுத்துக்கொள்: ஜெபிஷா) மூலையில் நின்றிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதானா அந்தத் திறவுகோலு?” என்றாள். என்னைத் தூற்றி அச்சான துண்டறிக்கைகள் பல படித்திருக்கிறேன். இப்படி ஒரு சொல்லால் எவரும் என்னை அளந்ததில்லை.

உசாவல் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த ஷாம் நல்ல இளைஞர். தமிழ் நன்றாகப் படிக்கிறார். உங்கள் தொழில்மேசையை அதற்கு முன் கண்டவரல்லர். “ஐயா ஒரு விளக்கம் சொல்லலாம்” என்றார். நாற்பது மணித்துளி பேசும் அளவுக்கு என்னிடம் சரக்கிருந்தது. வண்டியில் வரும்போதே அடுக்கிவைத்திருந்தேன். ஜெபிஷாவின் கையைப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வெளுத்திருந்தது. அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.

“தம்பி, நான் பேசவில்லை. அந்தத் தட்டையும் இணைப்பிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். என் தாளைப் படித்து, அதன்படி ஒன்றே ஒன்றை நீங்கள் செருகிக் காட்டுங்கள்” என்றேன்.

இசக்கியப்பன் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினார். ஷாம் முதல் ஆறு வரியையும் வாய்விட்டுப் படித்தார். ஏழாம் வரியில் நின்றார். மேசையை ஒருமுறை நோக்கினார். பிறகு, உமா, அவர் கை நேராகப் போய் அந்த இரும்புக் கம்பியை எடுத்தது. எடுத்துத் தட்டின்மேல் நடு நோக்கி வைத்தார். வைத்துவிட்டு, கோணலாக இருக்கிறதோ என்று குனிந்து பார்த்துச் சிறிது திருத்தினார்!

“அய்யோ சாமி, நான் வச்சாப்லயே வைக்காவ!” என்று ஜெபிஷா கத்தினாள்.

தேவபிரசாதம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எல்லோரும் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று ஷாமுக்கு மட்டும் தெரியவில்லை. ஜெபிஷாவே அவர் பக்கத்தில் போய் இணைப்பியைக் காட்டி, “இதான் சார் மூக்கு. இது நடுவப் பாக்கணும். அம்புட்டுத்தான்” என்றாள். அவர் மூன்று நொடியில் செருகினார்.

பிறகு நான் எழுதினேன். நீ கேட்டது இரண்டு வரி. எனக்கு நான்கு வரி ஆயிற்று: ‘பொருளைக் காணாமல் சொல்லை எழுதினேன். ஏழாம் வரியில் திறவுகோல் என்பது பிழை. என் சொற்பெருக்கத்துக்கு இடம் விடவே படம் நீக்கப்பட்டது. அதுவும் என்னைச் சேரும். இப்பெண்கள் நான் எழுதியதை எழுதியபடியே செய்தார்கள்.’ கையொப்பமிட்டேன்.

சட்டமிட்டு மாட்டுவார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேன். அத்தாளை என்ன செய்வீர்கள் என்று தேவபிரசாதத்திடம் கேட்டேன். “கோப்புல வைப்போம் அண்ணாச்சி, வேற என்ன?” என்றார். நான் அஞ்சிய கூட்டம் அவ்வறையில் இல்லை.

நூல் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். அறுநூறு சொல்லில் எத்தனை பொருளை என் கண்ணால் கண்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

வெளியே வரும்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உன்னைக் கண்டேன். நீல மேலங்கி, தலையுறை. நுண்ணோக்கியில் குனிந்திருந்தாய். நான்கு மணித்துளி நின்றேன். ஆறு இணைப்பிகளைப் பார்த்தாய். ஐந்து பச்சைத் தட்டில், ஒன்று சிவப்புத் தட்டில். நிமிரவில்லை. பல்லாயிரவர் முன் நின்று பழகியவனுக்கு அக்கண்ணாடியைத் தட்டக் கை எழவில்லை. வண்டியேறிவிட்டேன்.

உன் பொறுப்பு என்ன ஆயிற்று? ஜெபிஷா என்ன ஆனாள்? முடிவைப் பிறகு சொல்வதாக ஷாம் சொன்னார். எனக்கு எழுது.

பாண்டித்துரை


புதுக்கோட்டை
26.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெபிஷா வேலையில் இருக்கிறாள். இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று நான்கு நாளாகக் காத்திருந்தேன். உத்தரவு நேற்று மாலைதான் கைக்கு வந்தது. அவள்மேல் குற்றமில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல ஏதாவது சொல்லுக்கு வேற அர்த்தம் இருக்காக்கா?” என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்று சொன்ன பிறகுதான் மடித்து வைத்தாள்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பொறுப்பு போகவில்லை. ‘இனிமேல் படத்தை நீக்குவதற்கு முன் கேட்கவும்’ என்று கீழே தேவபிரசாதம் சார் பேனாவால் எழுதியிருந்தார்.

எண்ணூற்றறுபதும் கழிவாகிவிடும் என்று பயந்திருந்தோம். அதுவும் ஆகவில்லை. இந்த வகைக் கனெக்டரில் பீங்கான் தண்டு தனி, மூக்குள்ள கூடு தனி. தண்டைச் சற்று உள்ளே அழுத்தி அரைச்சுற்றுத் திருப்பினால் சாய்வு தன் பக்கத்துக்கு வந்துவிடும் என்று இசக்கியப்பன் அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கென்றே ஒரு சிறு கருவி எங்கள் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. திரும்பியிருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. ஏழு பேரும் திருப்பித் திருப்பித் தர, நான் ஒவ்வொன்றாக அளந்தேன். முதல் கனெக்டருக்குத் திரையில் வட்டம் வந்து நடுவில் அமர்ந்தபோது யாரோ பின்னால் கைதட்டினார்கள். பார்த்தால் தேவபிரசாதம் சார். மொத்தத்தில் பதினொன்று தவிர எல்லாம் தேறிவிட்டன. நேற்றுக் காலை பெட்டி துறைமுகத்துக்குப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து பகலில் நான்கு மணி நேரம் தூங்கினேன். ஒரு மாதமாக அப்படித் தூங்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்; முகக்கவசத்தை நனைத்தால் அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அதனால் குனிந்தே இருந்தேன். ஆறாவதாக நான் சிவப்புத் தட்டில் வைத்தது நல்ல கனெக்டர், அத்தான். கீறல் என்று நினைத்தது என் கண்ணில் நின்ற நீர். நீங்கள் போன பிறகு எடுத்துப் பச்சைத் தட்டுக்கு மாற்றினேன்.

தமிழ்த் தாளை ஒருவரும் கிழிக்கவில்லை. எல்லாத் தாள்களையும் புதிதாக எழுத வேண்டுமாம், தமிழிலேயே. நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முறையான கடிதம் தனியே வரும். மேசைப் பெண்கள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு முழு ஷிஃப்ட் நீங்கள் மேசையில் நின்று, ஒரு ஜிக் கனெக்டரையாவது உங்கள் கையால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் பெயர் சொல்வார்கள். பிடித்தால் எழுதிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வாதாடலாம். “அண்ணாச்சி வாதாடட்டும். தண்ணியும் பேப்பரும் ஓடுத சத்தத்துல யாரு தொண்ட பெருசுன்னு பாத்துருவோம்” என்று ஜெபிஷா சொல்லச் சொன்னாள்.

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். மதுரையில் முதல் பேருந்து ஏறினாலும் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஆகவே திங்கட்கிழமை மாலையே வந்துவிட வேண்டும். அண்ணாச்சிக்கு லாட்ஜில் அறை போடவா என்று தேவபிரசாதம் சார் எல்லோர் முன்பாகவும் என்னைக் கேட்டார். வேண்டாம், வீடு இருக்கிறது என்றேன்.

ஐந்தரைக்கு நம் தெருமுனையில் ஆலைப் பேருந்து நிற்கும். இருவருக்கும் இடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உமாராணி